முதல் வரியில் கோந்து

பூட்டு கால்பந்து ஆட வந்தபோது அவனுக்குப் பதினாறு வயது. வேகமாக ஓடத் தெரியாது. பந்தை வைத்து வித்தை காட்டத் தெரியாது. தலையால் முட்டினால் பந்து எந்தப் பக்கம் போகும் என்பது அவனுக்கும் தெரியாது, கடவுளுக்கும் தெரியாது. தெரிந்தது ஒன்றே ஒன்று: எதிராளி பந்தோடு வந்தால் குறுக்கே நிற்பது. நின்றான் என்றால் நின்றான், அவ்வளவுதான். இவனைப் பின்களத்தில் போட்டால் கதவுக்குப் பூட்டுப் போட்ட மாதிரி என்று யாரோ சொல்லப்போக, அதுவே பெயராக நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர் கிளப் பதிவேட்டில் தூங்குகிறது.

அதே கிளப்பில் பத்தொன்பது வருஷம் ஆடினான். வேறு கிளப் எதுவும் கூப்பிடவில்லையா என்று கேட்டால் மர்மமாகச் சிரிப்பான். கூப்பிடவில்லை, அதுதான் மர்மம். பத்தொன்பது வருஷத்தில் நான்கு கோல், அதில் ஒன்று சொந்த வலைக்குள். அதையும் சேர்த்து நான்கு என்றுதான் சொல்லிக்கொள்வான். கடைசி எட்டு வருஷம் கேப்டன். அப்புறம் வலது முட்டி மக்கர் பண்ணியது. இரண்டு தடவை அறுத்துத் தைத்துப் பார்த்த டாக்டர், இனிமேல் இதை மாடிப்படி ஏறுவதற்கு மட்டும் வைத்துக்கொள் என்று கையை விரித்துவிட்டார்.

கிளப் அவனைக் கைவிடவில்லை. ஜூனியர் அணிக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டது. அங்கே நிம்மதியாகத்தான் இருந்தான். யார் கண் பட்டதோ, பெரிய அணியின் மேனேஜர் கிளப் தலைவரோடு முட்டிக்கொண்டு சீசன் நடுவிலேயே பெட்டியைக் கட்டிவிட்டார். ஆள் கிடைக்கிற வரைக்கும் ஒரு வாரம் பார்த்துக்கொள்ளப்பா என்றார் தலைவர். அந்த ஒரு வாரம் முடிந்து இரண்டரை வருஷம் ஆகிறது. ஆள் இன்னும் கிடைக்கவில்லையாம்.

மேனேஜர் வேலையில் பூட்டுக்கு எல்லாமே பிடிபட்டது, ஒன்றைத் தவிர. "இந்த வாரம் நீ ஆடல" என்று ஒருவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்கு வாய் வராது. சொல்லாமல் விடவும் முடியாது. ஆட்டக்காரனாக இருந்த காலத்தில் ஒருமுறை அவனையே வெளியே உட்கார வைத்தார்கள். அந்த மேனேஜர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உடைமாற்றும் அறைச் சுவரில் ஒட்டிய பட்டியலில் தன் பெயர் இல்லாததைப் பூட்டு மற்றவர்களோடு சேர்ந்துதான் பார்த்துத் தெரிந்துகொண்டான். அந்த அவமானம் இன்றுவரை ஆறவில்லை. தான் எவனுக்கும் அப்படிச் செய்யமாட்டேன் என்று சத்தியம் செய்துகொண்டவன். ஆகவே யாரை நீக்குகிறானோ அவனை முதலில் எதிர்க் கடைக்கு டீ குடிக்க அழைத்துப் போவான். முதல் டீ முழுக்க முட்டி வலியைப் பற்றிப் பேசுவான். இரண்டாவது டீயில் எதையாவது மென்று முழுங்கிச் சொல்லி முடிப்பான். இது அணி முழுக்கத் தெரிந்துபோய், பூட்டு "டீ குடிக்கலாமா" என்று கேட்டாலே பையன்கள் வயிறு சரியில்லை என்று ஓட ஆரம்பித்தார்கள்.

இப்போது அவன் டீ வாங்கித் தரவேண்டிய ஆள் கோந்து. சிக்கலே அங்கேதான்.

கோந்து அந்த கிளப்பின் கோல்கீப்பர். பந்து கைக்கு வந்தால் ஒட்டிக்கொள்ளும், அதனால் கோந்து. பதினாலு வருஷம் மைதானத்தில் முன்னால் பூட்டு, பின்னால் கோந்து. பூட்டு ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. உயரத்தில் பந்து வரும்போது முதுகுக்குப் பின்னாலிருந்து "என்னுது" என்று குரல் வந்தால் குனிந்துகொள்வான், "உன்னுது" என்று வந்தால் எகிறுவான். அந்த ஒரு குரலை நம்பித்தான் பதினாலு வருஷம் மண்டை உடையாமல் பிழைத்தான். நடுவில் கோந்து பூட்டின் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டான். அதற்கப்புறம் பெரியவர்கள் இருக்கும் இடத்தில் வாங்க மாப்ள, உட்காருங்க மாப்ள. மைதானத்தில் மட்டும் பழைய வாடா போடாதான்.

இந்த சீசனில் அந்தக் குரல் பிந்திவர ஆரம்பித்தது. அதிகமில்லை, அரை நொடி. பார்வையாளர்களுக்குத் தெரியவில்லை, தலைவருக்குத் தெரியவில்லை. கோல் விழும்போதெல்லாம் பின்களத்துப் பையன்களைத்தான் எல்லாரும் திட்டினார்கள். அந்தக் குரலுக்கு முதுகைக் கொடுத்து நின்றவனுக்குத் தெரியாதா? ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, ஆட்டத்தைப் பார்க்காமல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான் பூட்டு. வெயில் இருக்கிற வரை பரவாயில்லை. சாயங்காலம் மைதான விளக்கைப் போட்டதும் குரல் இன்னும் பிந்தியது. கோந்துக்குப் பந்து தெரியவில்லை.

கடைசி ஆட்டம் சனிக்கிழமை சாயங்காலம். தோற்றால் கிளப் கீழ்ப் பிரிவுக்கு இறங்கும், சமன் செய்தால் போதும், தப்பித்துக்கொள்ளும். இந்த ஆட்டத்தில் பந்து தெரியாதவனை வலைக்கு முன்னால் நிறுத்த முடியாது. திங்கட்கிழமையே இரண்டாவது கோல்கீப்பரான நெட்டையனைக் கூப்பிட்டு, நீதான் ஆடுகிறாய், நான் மாப்பிள்ளையிடம் சொல்கிற வரை மூச்சு விடாதே என்று சொல்லிவிட்டான். சொல்ல ஐந்து நாள் இருந்தது. ஐந்து நாள் தாராளம் என்று நினைத்தான், பாவம்.

செவ்வாய்க்கிழமை டீக்கடைக்கு அழைத்துப் போனான். முட்டி வலியைப் பற்றிப் பேசினான். இரண்டாவது டீயும் வந்தது. அதிலும் முட்டி வலிதான். புதன்கிழமை கோந்தே வந்து, வா ஒரு டீ குடிக்கலாம் என்றான். பூட்டு போனான், மைதானத்துப் புல் மஞ்சளாகிப் போனதைப் பற்றி அரை மணி நேரம் பிரசங்கம் செய்துவிட்டு வந்தான். வியாழக்கிழமை மறுபடி கோந்துதான் கூப்பிட்டான். அன்றைக்குச் சொல்லியே தீர்வது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வாயைத் திறந்தபோது, "சொல்லு மச்சான்" என்று கோந்து அவன் முகத்தையே பார்த்தான். பதினாலு வருஷம் பின்னால் நின்று காத்தவனுடைய முகம். பூட்டு, டீயில் சர்க்கரை கொஞ்சம் அதிகம் என்றான்.

அன்று மாலை தங்கையைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனான். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறாள். பொழுதெல்லாம் கற்றுக்குட்டிகள் பக்கத்தில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொள்கிற உத்தியோகம். எதற்கும் அசையமாட்டாள். சமையலறையில் அவளைத் தனியாகப் பிடித்து, மாப்பிள்ளைக்குக் கண்ணில் ஏதாவது கோளாறா என்று கேட்டான். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கழுவின தட்டையே எடுத்து மறுபடி கழுவினாள்.

"அவர்கிட்டயே கேளேன் அண்ணா."

"எப்படிக் கேக்கறது? கேட்டா மனசு ஒடிஞ்சு போயிடுவான். நான் கேட்டேன்னு நீயும் சொல்லிடாத."

அவள் தட்டைத் துடைத்து அடுக்கினாள். சத்தம் கொஞ்சம் பலமாகவே இருந்தது. தங்கைக்குத் தன் மேல்தான் கோபம் என்று பூட்டு நினைத்தான். பாதி சரி.

வெள்ளிக்கிழமையும் கழிந்தது. அதைச் சொல்லவே வேண்டாம்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மேனேஜர் அறையில் பட்டியலை நிரப்ப உட்கார்ந்தான் பூட்டு. அறை என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, மூலையில் காற்றுப் போன பந்துகள், அவ்வளவுதான். பட்டியல் அச்சடித்த தாள். மேலிருந்து கீழாக, கோல்கீப்பரில் தொடங்கி, ஆடுகிற பதினொரு பேர், அதற்கடியில் மாற்று ஆட்டக்காரர்கள், கடைசியில் மேனேஜர் கையெழுத்து. நடுவரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் யாராலும் அதைத் தொட முடியாது. ஆட்டம் தொடங்குவதற்குள் ஒருவனுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் மட்டும் மாற்றலாம், அதற்கும் தாளிலேயே காரணம் எழுதியாக வேண்டும்.

தாளை நிரப்பும்போது பூட்டின் மனசு முழுக்க, கோந்தை இப்போதே கூப்பிட்டு எப்படி ஆரம்பிப்பது என்பதிலேயே இருந்தது. மாப்ள, ஒரு விஷயம். வேண்டாம். டேய், இங்க பாரு. அதுவும் வேண்டாம். இப்படி அவன் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்க, கை தன் பாட்டுக்குப் பதினொரு பெயரையும் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டது. கிளப் செயலாளர் வந்து தாளை வாங்கிக்கொண்டு நடுவர் அறைக்குப் போனார். பத்து நிமிஷத்தில் நடுவர் கையெழுத்தோடு நகல் ஒன்று உடைமாற்றும் அறைச் சுவருக்கு வந்தது.

பூட்டு அறையை விட்டு வெளியே வந்தபோது நெட்டையன் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றிருந்தான். பையன் முகத்தில் ஈயாடவில்லை. என்னடா என்று பூட்டும் போய்ப் பார்த்தான். முதல் வரியில், அவன் கையெழுத்திலேயே, கோந்தின் பெயர்.

கேப்டனாக எட்டு வருஷம், மேனேஜராக இரண்டரை வருஷம் அந்தத் தாளை நிரப்பியவன். அத்தனை தாளிலும் முதல் வரி ஒரே பெயர்தான். மனசு எங்கேயோ போனதும் கை பழைய தடத்தில் போய்விட்டது. நெட்டையனுடைய பெயர் கீழே மாற்று ஆட்டக்காரர் வரிசையில், அதுவும் வழக்கம்போல. பந்து தெரியாத ஒருவனை வலைக்கு முன்னால் நிறுத்தி, அதற்குத் தன் கையெழுத்தையும் போட்டிருக்கிறான். நெட்டையனிடம் சொன்ன வார்த்தையும் போயிற்று. யாரும் பட்டியலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று சத்தியம் செய்தவன், அந்தப் பையனை அப்படித்தான் தெரிந்துகொள்ள வைத்திருக்கிறான். அறைக்குத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

கதவைத் திறந்துகொண்டு கோந்து வந்தான். கையுறை இரண்டும் கையில் இருந்தன, போட்டுக்கொள்ளவில்லை. கதவைச் சாத்தினான்.

"என் பேரு இருக்கு," என்றான்.

பூட்டு தலையை மட்டும் ஆட்டினான்.

"தெரிஞ்சு எழுதினியா, தெரியாம எழுதினியா?"

இதற்கு மேல் மழுப்ப என்ன இருக்கிறது? "தெரியாமதான்," என்றான் பூட்டு. "கை எழுதிடுச்சுடா."

"அப்பாடா," என்று கோந்து எதிர் நாற்காலியில் தொப்பென்று விழுந்தான். "நீ மனசு மாத்திக்கிட்டியோன்னு பயந்துட்டேன்."

கோந்துதான் பேசினான். நெட்டையன் மூஞ்சியைப் பார்த்துத் திங்கட்கிழமையே தெரிந்துகொண்டானாம். செவ்வாய்க்கிழமை டீக்கு அழைத்ததும் சந்தோஷமாக வந்தானாம். நீ சொல்வாய் சொல்வாய் என்று பார்த்தால் முட்டியைப் பற்றியே பேசுகிறாய், சரி, நாமே கூப்பிடுவோம் என்று அடுத்த இரண்டு நாளும் கூப்பிட்டேன், வயிறு ரொம்பியதுதான் மிச்சம் என்றான். இடது கண்ணில் புரை. எப்போதோ பந்து முகத்தில் பட்ட அடி, இரண்டு வருஷமாக மெதுவாக முற்றிக்கொண்டே வந்திருக்கிறது. விளக்கு வெளிச்சத்தில் பந்து வருவது தெரியாது, வந்த பிறகுதான் தெரியும்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில வாந்தி எடுத்துட்டுத்தான்டா வருவேன். அவ்வளவு பயம்."

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீ மேனேஜர் ஆனப்ப ஊரே என்ன பேசிச்சு? ஒரு மாசம் தாங்கமாட்டான்னுச்சு. அந்த நேரத்துல நானும் விட்டுட்டுப் போனா உன் பின்னாடி யாரு நிப்பா? உனக்கு ஒரு நல்ல சீசன் அமையட்டும், அதுக்கப்புறம் நிறுத்திக்கலாம்னு இருந்தேன்." கோந்து கையுறையை மேஜைமேல் வைத்தான். "எங்க, அமையவே மாட்டேங்குது."

பூட்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டான். இவன் மனசு ஒடிந்துபோகும் என்று அவனும், அவன் தனியாக நிற்பான் என்று இவனும், இரண்டு பெரிய மனுஷர்கள் சேர்ந்து ஒரு கிளப்பையே கவிழ்க்கப் பார்த்திருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தை விட நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியதுதான் பெரிதாக இருந்தது.

"எந்திரி," என்றான் கோந்து. "நடுவர்கிட்ட போய் மாத்துவோம்."

"கால் பிடிச்சுக்கிச்சுன்னு எழுதட்டுமா?"

"எதுக்குப் பொய்யி? கண்ணு தெரியலன்னு எழுது."

நடுவர் அறையில் தாளை வாங்கி, கோந்தின் பெயரை அடித்து, பக்கத்தில் நெட்டையனுடைய பெயரை எழுதினான் பூட்டு. காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. ஐந்து நாளாக வாயால் சொல்ல முடியாததை அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எழுதவேண்டும். கோந்து பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். இடது கண்ணில் பார்வைக் குறைவு என்று எழுதி முடித்ததும், "சரியாத்தான் எழுதியிருக்க," என்று அவன் தோளைத் தட்டினான். நடுவர் தாளை வாங்கிப் படித்தார். கோந்தை ஏற இறங்கப் பார்த்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். இரண்டு வருஷம் என்றான்.

"இவ்வளவு நாள் எங்களைத்தான் குருடன்னு சொல்லிட்டிருந்தாங்க," என்று சொல்லி நடுவர் கையெழுத்துப் போட்டார்.

பூட்டு நேராக நெட்டையனிடம் போய், தப்பு என்னுடையது, நீதான் ஆடுகிறாய், மன்னித்துவிடு என்றான். டீ இல்லாமல், முட்டி இல்லாமல், மூன்றே வாக்கியத்தில் சொன்னான். அவனுக்கே ஆச்சரியம். கோந்து அந்தப் பையனை மைதானத்துக்கு இழுத்துப் போய் இருபது நிமிஷம் பந்து உருட்டிக் கொடுத்து உடம்பைச் சூடாக்கினான்.

ஆட்டத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பார்க்கக் கண்றாவியான ஆட்டம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. ஆனால் இரண்டாம் பாதியில் விளக்குகள் எரிய ஆரம்பித்த பிறகு, எதிரணி தூரத்திலிருந்து மூன்று தடவை ஓங்கி அடித்தது. மூன்றையும் நெட்டையன் பாய்ந்து பிடித்தான். மூன்றாவதைப் பிடித்தபோது பெஞ்சில் பூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோந்து, "எனக்கு இது உள்ள போயிருக்கும்," என்று நிதானமாகச் சொன்னான். அதில் துக்கம் இல்லை. கடைசி விசில் ஊதியது. கிளப் தப்பித்தது. எதற்கும் அசையாத தலைவரே வந்து கட்டிப்பிடித்து, ஆள் தேடுவதை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டார்.

கூட்டம் கலைந்தபோது உடைமாற்றும் அறைக்கு வெளியே உள்ள நடையில் தங்கை நின்றுகொண்டிருந்தாள். ஆட்டம் முழுக்க மேலே கேலரியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். வலைக்கு முன்னால் புருஷன் இல்லை என்றதும் என்ன ஏது என்று தெரியாமல் தொண்ணூறு நிமிஷம் நகத்தைக் கடித்துத் தீர்த்திருக்கிறாள். அவளைக் கண்டதும் இருவரும் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் மாதிரி நின்றார்கள்.

"பேசிட்டீங்களா?" என்று கேட்டாள்.

பேசியாயிற்று, எல்லாம் பேசியாயிற்று என்றான் கோந்து. கண் விஷயமுமா என்றாள். கண்ணும்தான், நடுவருக்கே தெரியும் என்றான் பூட்டு. அவள் நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். எதற்கும் அசையாதவள், முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இரண்டு பேரும் பதறிப்போய் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள்.

"ரெண்டு வருஷமா இவரு, உங்கண்ணன்கிட்ட மூச்சு விட்டுடாத, அவன் ஒடிஞ்சு போயிடுவான்னாரு. நீ அன்னைக்கு வந்து, மாப்ளகிட்ட சொல்லிடாத, அவன் ஒடிஞ்சு போயிடுவான்ன. ரெண்டு பேரையும் ஒடியாமப் பாத்துக்கிட்டு நடுவுல நான் ஒருத்தி. நான் ஒடிஞ்சா பரவாயில்லையா?"

பூட்டு தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டான். தப்புதான் என்றான். ரொம்பத் தப்பு என்றான் கோந்து. அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள், பையிலிருந்து போனை எடுத்தாள். கண் ஆஸ்பத்திரிக்கு. எண்ணைத் தேடவேண்டிய அவசியம்கூட அவளுக்கு இல்லை.

"ஆமாங்க, ரெண்டு தடவை தேதி வாங்கிட்டு வராம இருந்தது நாங்கதான். இந்த வாட்டி கண்டிப்பா வருவாரு. சீசன் முடிஞ்சிடுச்சு. புதன்கிழமையா? சரி, எட்டு மணிக்கு வந்துடறோம்." மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். ஆபரேஷன் முடிந்து வரும்போது ஒரு கண்ணைக் கட்டியிருப்பார்கள், கையைப் பிடித்துக் கூட்டிப்போகத் துணைக்கு ஆள் உண்டா என்று கேட்கிறார்கள் போல. அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். பூட்டு வேகமாகத் தலையை ஆட்டினான்.

"இருக்காங்க," என்றாள். "ரெண்டு பேர் இருக்கோம்."